வாப்பாவின் முகவரிக்கு இன்றும் கடிதம் வருகிறது

என் வாப்பா 2011-ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிக்கு இன்றும் நாள்தோறும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறேன் என்கிறது ஒன்று. வாழ்நாளில் ஒரு ரூபாய் வட்டி வாங்கவும் கொடுக்கவும் செய்யாத மனிதருக்கு அது வருகிறது. எழுபது வயதில் கப்ருக்குப் போனவருக்கு வாலிபம் திரும்ப மருந்து அனுப்புகிறேன் என்கிறது இன்னொன்று. ஆயுள் காப்பீட்டுக்காரரும் விடுவதில்லை. தொடக்கத்தில் இவற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. அந்த முகவரியைத் தெருவில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

2002-இல் நான் துபாயில், தேராப் பகுதியில், ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர். ஊரில் ஒருவர் மௌத்தானால் எங்களுக்குச் செய்தி வந்து சேர இரண்டு நாளாகும். அதுவும் யாரோ ஒருவர் தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்குப் பேசியபோது தற்செயலாகத் தெரியவரும். ஜனாஸாத் தொழுகைக்கு வர முடியாதவன், காயிப் ஜனாஸாவாவது நேரத்தோடு தொழலாமே என்ற ஏக்கத்தில்தான் ஊர்க்காரர்களுக்கென ஒரு மின்னஞ்சல் குழுமம் தொடங்கினேன். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். வளைகுடா, சிங்கப்பூர், இலண்டன், சென்னை என்று ஆறே மாதத்தில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தமிழ் எழுத்துருக்கள் ஒரு கணினியில் தெரிந்தால் இன்னொன்றில் கட்டங்கட்டமாகத் தெரிந்த காலம் அது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொள்வோம். மௌத்துச் செய்தி, நிக்காஹ் அழைப்பு, இரத்தம் தேவை, வேலை காலி, பிறைச் சர்ச்சை, எல்லாம் அதில் ஓடின.

குழுமத்தைத் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பழைய கடிதங்களை உறுப்பினர்கள் மட்டும் படிக்கலாமா, எவரும் படிக்கலாமா? நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அன்று சொந்த முகவரி கிடையாது. கடைத்தெருவில் புதிதாகத் திறந்த நெட் சென்டரில் தம்பியோ மகனோ பக்கத்தைத் திறந்து கொடுத்தால் படித்துவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தில் பிழையிருந்ததாக இன்றும் நான் கருதவில்லை. பிழை 2004-இல் நடந்தது. குழுமத்தின் பெயரில் ஒரு பக்கம் அமைத்து, 312 உறுப்பினர்களின் பெயர், குடும்பப் பெயர், தொழில், வசிக்கும் நகரம், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை அகர வரிசையில் அடுக்கி வெளியிட்டேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்து செய்த வேலை. ஊரே பாராட்டியது. வாப்பா, நெட் சென்டர்ப் பையனின் உதவியோடு தமது பெயரையும் அதில் பார்த்துவிட்டு, "நம்ம பேரும் இருக்கே" என்று எனக்கு எழுதினார்கள்.

ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சில வாரங்களில் எல்லோருடைய பெட்டியும் நிரம்பத் தொடங்கியது. லாட்டரியில் பரிசு விழுந்த செய்தி, ஆப்பிரிக்க அமைச்சரின் விதவை, சொல்லக் கூசும் மருந்துகள். உறுப்பினர்கள் என்னிடம் முறையிட்டார்கள். நானோ அதை மழை, வெயில் போல எல்லோருக்கும் வருவது என்று சமாதானம் சொன்னேன். ஆங்கிலத்தில் இக்கடிதங்களுக்கு ஸ்பாம் என்று பெயர். அது உண்மையில் டின்னில் அடைத்து விற்கப்படும் ஒரு பன்றி இறைச்சிப் பண்டத்தின் பெயர். 1970-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கத்துவார்கள், அதிலிருந்து வந்தது என்கிறார்கள். எந்த வகையிலும் நம் வீட்டுக்குள் நுழையக் கூடாத பொருளின் பெயரே அதற்கு அமைந்ததில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி உண்டு.

இந்த வகைக் கடிதத்தின் முதல் உதாரணமாகச் சொல்லப்படுவது 1978 மே மாதத்தில் நடந்தது. கணினி விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பிலிருந்த கேரி துர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், கலிபோர்னியாவில் நடக்கவிருந்த தம் நிறுவனத்தின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு அனுப்பினார். ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே கடிதம். அவருக்கு முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? அர்ப்பாநெட் பயனாளர்களின் அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து. ஒருவர்க்கொருவர் தொடர்பு கொள்ள உதவட்டும் என்று நல்ல நோக்கத்தோடு அச்சிட்ட நூல் அது. அதிலிருந்து முகவரிகளைத் தட்டச்சு செய்தபோது, இடம் போதாமல் அவை கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்தனவாம். இதைப் படித்த நாளில் என் அகர வரிசைப் பட்டியல் கண்முன் வந்து நின்றது.

அச்சுப் புத்தகத்திலிருந்து எடுக்க ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இணையப் பக்கத்திலிருந்து எடுக்க அதுவும் வேண்டாம். முகவரி அறுவடை செய்யும் நிரல்கள் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் போய், பெயருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நிற்கும் அந்தச் சுழித்த 'அட்' குறியைத் தேடும். கண்ட இடத்தில் இருபுறமும் உள்ள எழுத்துகளை வெட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள இணைப்பு வழியே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். களத்துமேட்டில் சிந்திய நெல்லைக் கோழி பொறுக்குவதைப் போன்ற வேலை. களைப்பும் கிடையாது, மறதியும் கிடையாது. அப்படிச் சேர்ந்த பட்டியல் விலைக்குப் போகும். வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்பான். 2003-இல் வாஷிங்டனிலுள்ள சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி என்ற அமைப்பு, சோதனைக்கென்றே நூற்றுக்கணக்கான முகவரிகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் இட்டுப் பார்த்தது. குப்பையின் பெரும்பகுதி, பொது இணையப் பக்கங்களில் அப்படியே எழுதி வைக்கப்பட்ட முகவரிகளுக்குத்தான் வந்தது. பக்கத்திலிருந்து முகவரியை நீக்கியபின் வரத்து குறைந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். நான் பட்டியலை வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பே வெளியான அறிக்கை அது. நான் படித்திருக்கவில்லை.

குப்பை வருவது தொந்தரவு, அவ்வளவுதானே என்று வாசகர் நினைக்கலாம். 2010 வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரிய மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர்களிடம் படித்த ஒருவர் இலண்டனில் மருத்துவராக இருக்கிறார், குழுமத்தில் உறுப்பினர். மாமிக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் குழுமத்திலேயே, "சார், மாமிக்காக துஆ செய்கிறேன்" என்று எழுதியிருந்தார். அந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில் மாமாவுக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ஸலாம் சொல்லி, 'சார்' என்று விளித்து, மாமியின் கண் எப்படியிருக்கிறது என்று விசாரித்து, தாம் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக மாட்ரிட் நகருக்கு வந்த இடத்தில் பை களவு போய்விட்டதாகவும், விடுதிக்காரர் வெளியே விட மறுப்பதாகவும் எழுதியிருந்தது. டெல்லியிலுள்ள ஒரு நண்பரின் வங்கிக் கணக்கில் 60,000 ரூபாய் கட்டினால் தமக்கு வந்து சேர்ந்துவிடும், ஊருக்கு வரும்போது திருப்பித் தருகிறேன், வீட்டில் சொல்லிப் பதற வைக்க வேண்டாம் என்றும் வேண்டியிருந்தது. அனுப்புநர் முகவரி உண்மையான முகவரியைப் போலவே இருந்தது. நடுவில் ஓர் எழுத்து மட்டும் இரட்டித்திருந்தது. எழுபது வயதுக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

மாமாவிடம் அப்போது கையில் இருந்தது ரமளானில் கொடுப்பதற்காக ஒதுக்கிய ஸகாத் பணம். வழியில் தவிக்கும் பயணிக்கு உதவுவது முந்தியது, பணம் திரும்பி வந்ததும் ஸகாத்தைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பேருந்து ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போய் வங்கியில் கட்டிவிட்டு வந்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு மாணவரின் மானம் அதில் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அந்த மருத்துவர் ஊருக்கு வந்தார். நானும் விடுமுறையில் இருந்தேன். மாமா வீட்டுத் திண்ணையில் மூவரும் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தோம். மாமா வழக்கத்துக்கு மாறாகப் பேச்சில் ஒட்டாமல் இருந்தார்கள். வந்தவர் விடைபெற எழுந்தபோதுதான், "தம்பி, அந்த மாட்ரிட் விஷயமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள்.

"மாட்ரிடா? நான் அங்கே போனதே இல்லையே, சார்."

அந்த நிமிடம் மாமாவின் முகத்தில் கண்டதை எழுத எனக்கு மொழி போதாது. பணம் போனது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. நான்கு மாதமாக அந்த மனிதர்மீது மனத்துக்குள் ஒரு கசப்பை வைத்திருந்தார்கள். வாங்கிய கடனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே, பெருநாளுக்கு வந்தவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்று. எதிரே நின்றவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தித் தப்பா நெனச்சிட்டேன், பொறுத்துக்கங்க" என்றார்கள். தம்மை ஒருவர் என்ன நினைத்தார் என்பதே அறியாத அந்த மருத்துவர் அழுதுவிட்டார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். டெல்லிக் கணக்கு போலி ஆவணங்களில் தொடங்கப்பட்டது என்பது வரைதான் தெரிந்தது. ஸகாத்தை மாமா தம் ஓய்வூதியத்திலிருந்து மாதம் மாதமாக எடுத்து மறுபடியும் கொடுத்து முடித்தார்கள்.

அன்றிரவு நான் எங்கள் குழுமத்தின் பழைய கடிதங்களை, உறுப்பினராக நுழையாமல், அயலான் பார்ப்பதைப் போலத் திறந்து பார்த்தேன். மாமாவின் முழு முகவரி இருந்தது. மருத்துவரின் முகவரி, தொழில், நகரம் என் பட்டியலில் இருந்தன. 'சார்' என்ற விளியும் மாமியின் கண்ணும் ஒரே கடிதத்தில் இருந்தன. அரை மணி நேரம் போதும். முதல் சில ஆண்டுகளில் வந்தது நிரல் பொறுக்கிய நெல். இது ஒரு மனிதன் உட்கார்ந்து படித்து எழுதியது. களவாடியவன் வேறு வழியிலும் இவற்றை அறிந்திருக்கலாம் என்று பிறகு சிலர் எனக்கு ஆறுதல் கூறினார்கள். ஆனால் இந்த விவரங்கள் அத்தனையும் சேர்ந்து கிடந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று ஸூரத்துந் நூரில் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைப் பருவத்திலிருந்தே அறிந்த ஒழுங்கு. முகவரி என்பது வாசல் என்று மட்டும் எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? 312 பேர் தங்கள் வாசலின் அடையாளத்தை என்னிடம் கொடுத்தது குழுமத்தில் சேருவதற்காக. அதை வேறொரு காரியத்துக்கு நான் எடுத்தாண்டேன். அமானிதம் என்ற சொல்லைப் பணத்தோடும் நகையோடும் மட்டுமே சேர்த்துப் பழகிய புத்தி எனக்கு.

மறுநாளே பழைய கடிதங்களை உறுப்பினர் மட்டும் படிக்கும்படி மாற்றினேன். யார் யார் உறுப்பினர் என்ற பட்டியல் நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி வைத்தேன். என் பக்கத்தை அழித்தேன். தேடுபொறிகளுக்கு எழுதி, அவர்களிடமிருந்த நகலையும் நீக்கச் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். ஆயினும் வேறெவரோ எடுத்து வைத்திருந்த நகல்கள் இரண்டை இன்றுவரை என்னால் அகற்ற முடியவில்லை. அவற்றுக்கு யாரிடம் எழுதுவது என்பதே தெரியாத இடங்களில் அவை கிடக்கின்றன.

இடையில் மாற்று வழிகளையும் கற்றுக்கொண்டேன். முகவரியைப் பொதுவில் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அதை உருமாற்றிக் காட்டுவார்கள். மெயில்மேன் என்ற இலவசக் குழும மென்பொருள், பழைய கடிதங்களைக் காட்டும்போது 'அட்' குறியை எடுத்துவிட்டு அந்த ஆங்கிலச் சொல்லையே எழுத்தில் காட்டும். ஒரு காலத்தில் இது நன்றாக வேலை செய்தது. நான் சொன்ன 2003 சோதனையிலும் உருமாற்றிய முகவரிகளைக் குப்பை எட்டவில்லை. ஆனால் நிரல் எழுதுகிறவனுக்கு அந்தச் சொல்லையும் தேடச் சொல்வது ஒரு வரி வேலை. முகவரியைப் படமாக வரைந்து போடுவது இன்னொரு வழி. கண் பார்வையற்ற சகோதரர் ஒருவர், தம் கணினி பக்கத்தை வாசித்துக் காட்டும்போது படத்தில் உள்ள எழுத்தை அது வாசிப்பதில்லை, உங்களுக்கு எழுதவே முடியவில்லை என்று சொன்னபோது அதை விட்டுவிட்டேன். பொது அமைப்புகளுக்கு நான் இன்று சொல்வது, முகவரியைக் காட்டாமல், எழுதி அனுப்பும் படிவம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதுவும் முடியாவிட்டால் அமைப்புக்கென்று தனி முகவரி. எந்தத் தனி மனிதரின் பெயரும் அதில் வேண்டாம்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு. நிக்காஹ் அழைப்பையோ ஹஜ் பயண அறிவிப்பையோ நூறு பேருக்கு அனுப்பும்போது நூறு முகவரிகளையும் 'டு' என்ற பெட்டியில் இடுகிறோம். நூறு பேருக்கும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் முகவரி போய்விடுகிறது. அவர்களில் ஒருவரின் கணினியில் தீநிரல் புகுந்திருந்தால் போதும். அவருடைய பெட்டியிலுள்ள அத்தனை முகவரிகளும் அதற்குத் தீனி. பி.சி.சி. என்ற மறைநகல் பெட்டி இதற்காகவே இருக்கிறது. அதில் இட்டால் பெறுகிறவருக்கு மற்றவர் முகவரி தெரியாது. ஜிமெயில் போன்றவற்றில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியிட்டு ஏதேனும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். கடைக்கு ஒரு சொல், குழுமத்துக்கு ஒரு சொல் என்று கொடுத்து வைத்தால், எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்கலாம். திருடன் அனுப்பிய கடிதத்தின் அடியில், 'இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்' என்று இருந்தால் அழுத்தக் கூடாது. நேர்மையான வணிகர் அதைக் கேட்டு நிறுத்திவிடுவார். மற்றவனுக்கோ அது, இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று நாமே குரல் கொடுப்பதாகும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் மின்னஞ்சல் குழுமம் நடத்துகிறார்கள் என்று என் மகன் கேட்கிறான். உண்மைதான். எங்கள் குழுமமும் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்கே ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது.

2023-இல் நான் உறுப்பினராக உள்ள ஓர் அறக்கட்டளை, கல்வி உதவி பெற்ற 47 மாணவர்களின் பட்டியலைப் படமெடுத்து எல்லாக் குழுக்களிலும் பகிர்ந்தது. பெயர், தந்தை பெயர், வகுப்பு, கைப்பேசி எண், தொகை. இரண்டு வாரத்தில், தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தாய்க்கு அழைப்பு வந்தது. மகளின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, இரண்டாம் தவணை வந்திருக்கிறது, கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில் கேட்டிருக்கிறார்கள். 11,400 ரூபாய் போயிற்று. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வைத்தோம். ஒரு பகுதியை முடக்க முடிந்தது. அந்தச் சகோதரி எங்களிடம் கோபப்படவில்லை. "நீங்க கொடுத்த காசுதானே" என்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். பட்டியல் போடாவிட்டால், பணத்தை நாமே தின்றுவிட்டோம் என்று ஊர் பேசும் என்றார் பொருளாளர். அது வெற்றுப் பேச்சல்ல. முன்பு அப்படிப் பேசப்பட்டு மனம் நொந்து ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்குகிறவர் முகம் வாடாமல் கொடுக்க வேண்டிய பணத்தை எண்ணோடும் பெயரோடும் ஊருக்குக் காட்டுவதா என்றார் இன்னொரு பெரியவர். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி இளைஞர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதைக் காட்டிலும் மாமாவின் மாட்ரிட் கதைதான் கூட்டத்தில் எடுபட்டது. கடைசியில், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் பள்ளிவாசல் பலகையில். முழுப் பதிவேடு அலுவலக அலமாரியில். நன்கொடையாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் இருவர் எப்போது வேண்டுமானாலும் வந்து அதைச் சரிபார்க்கலாம் என்று முடிவாயிற்று. பொருளாளருக்கு இன்னும் முழு மனம் இல்லை. அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது.

வாப்பாவின் முகவரிக்குத் திரும்புகிறேன். குப்பைக் கடிதங்களை ஆராய்கிறவர்கள், எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத முகவரிகளை உருவாக்கிப் பக்கங்களில் மறைத்து வைப்பதுண்டு. அதற்கு வரும் கடிதம் எதுவாயினும் அறுவடைக்காரனுடையதுதான் என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம் அல்லவா? வாப்பாவின் பெட்டி எனக்கு அப்படி ஆகிவிட்டது. அறிந்தவர் எவரும் இனி அவர்களுக்கு எழுதப் போவதில்லை. வருவதெல்லாம் 2004-இல் நான் சிந்திய நெல்லின் கணக்கு. அதனால் மாதம் ஒருமுறை திறந்து பார்த்துக் காலி செய்வேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த வழக்கத்தில், 2019-இல் ஒரு நாள், குப்பைக் கூடையில் ஒரு கடிதம் கிடந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "ஸலாம். உங்களுக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பதில் எழுதவும்."

அழிக்கப் போனேன். அழிக்குமுன் முழுதும் படித்தேன். பினாங்கிலிருந்து ஒரு முதியவர், பேரனைக் கொண்டு எழுதியிருந்தார். 1967-இல் வாப்பாவும் தாமும் சூலியா தெருவில் ஒரே கடையில் வேலை பார்த்ததாகவும், ஊருக்குத் திரும்பும்போது வாப்பாவிடம் வாங்கிய நாற்பது வெள்ளியைக் கொடுக்கத் தவறிவிட்டதாகவும், கண் மூடுவதற்குள் தீர்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். பேரன் இணையத்தில் தேடி, ஏதோ ஒரு பழைய பக்கத்தில் இந்த முகவரியைக் கண்டெடுத்தானாம். நான் அகற்ற முடியாமல் விட்ட இரண்டு நகல்களில் ஒன்று.

மாட்ரிட்டை நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் அனுப்பினேன். கடையில் வாப்பாவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? உம்மாவுக்கும் எனக்கும் அன்றி ஊரிலேயே இப்போது யாருக்கும் தெரியாத பட்டப்பெயர் அது. எந்தப் பக்கத்திலும் நான் எழுதியதில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதே பெயர். அதற்குக் கீழே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற கதையும். அந்தக் கதை எனக்கே தெரியாது.

வாப்பா காலமான செய்தியை எழுதினேன். நாற்பது வெள்ளியை என்ன செய்வது என்று உம்மாவிடம் கேட்டேன். அங்கேயே, வாப்பா ஜும்ஆ தொழுத கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஸதகாவாகக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அவர் கொடுத்துவிட்டு, ரசீதைப் படமெடுத்து வாப்பாவின் முகவரிக்கே அனுப்பியிருந்தார். உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் கைப்பேசியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பொட்டிய மூடிடாதேம்மா, இருக்கட்டும்" என்றார்கள்.